மந்திரிக்கு வைத்த பேர்

1. ரீவிக்குப் பக்கத்தில் நின்ற வேலை

யுத்த காலத்தில் நான் ஆரையம்பதியில் ஒரு தகரக் கொட்டிலில் ரீவியும் வீடியோ டெக்கும் வைத்துப் படம் ஓட்டிப் பிழைத்தேன். கரண்ட் இல்லை. ஜெனரேட்டரைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். இரவில் ஊரடங்கு என்பதால் பின்னேர ஷோ மட்டும்தான்.

கொழும்பிலிருந்து வந்த கசட்டுகளில் ஒரு சீனத் துப்பறியும் தொடர், ராசா காலத்துக் கதை. பேச்சு சீனம், கீழே இங்கிலீஸ் எழுத்து ஓடும். அதை வாசித்துச் சனத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்வது என் வேலை. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

அரண்மனைக்குள் யாரோ இளவரசனுக்கு நஞ்சு வைக்கிறார்கள், எதிரி நாட்டுக்குத் தகவலும் கொடுக்கிறார்கள். ராணி, அரசனின் சித்தப்பன், மந்திரி என்று ஆளுக்காள் மாட்டிவிடப் பார்க்க, ஒரு நீதவான் துப்பறிகிறார். எங்கள் சனத்துக்கு இதெல்லாம் நல்லாகவே விளங்கியது. சீனப் பேர்தான் வாயில் நுழையவில்லை. அதனால் ஊர் ஆட்களின் பேரை வைத்துவிட்டார்கள். நீதவான் எங்களுக்கு நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார். தொங்கு மீசை மந்திரி, கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மனேஜர் தேவராசண்ணனுக்கும் அதே மீசை. அவரும் வந்திருந்து விழுந்து விழுந்து சிரிப்பார்.

2. கடைசிக் கசட்டுக்கு முதல் நாள்

ஆயுதம் தூக்கின இயக்கப் பொடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். வலு மரியாதையாகத்தான் பேசினான்.

"அண்ணன், உங்கட படத்துல எதிரிக்குத் தகவல் குடுக்கிறான் என்டு சந்தேகப்படுற மந்திரிக்கு மனேஜர்ர பேராமே?"

"சனம் பகிடிக்கு வச்சது தம்பி. மீசைக்காக."

"சும்மா வைப்பாங்களா? அந்தாள் ஆமிக் காம்புக்குப் போய் வாறதும் தெரியும்தானே?"

போகாமல்? நிவாரண அரிசி லொறி ஊருக்குள் வர, ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டியவர் அவர்தான். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆர் துரோகி என்டு பாப்பம். மறுகா பேசுவம்."

அந்த மறுகா, பிறகு, என்னவென்று எனக்குத் தெரியும். அப்படிக் கூட்டிப்போன ஆட்கள் வீட்டுக்குத் திரும்பியதை நான் காணவில்லை. கசட்டை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். துரோகி மந்திரியேதான். ஷோவை நிறுத்தினாலோ, எதையோ ஒளிக்கிறேன் என்பான். எனக்கு விசர் பிடிக்கும் போல இருந்தது.

3. விளக்கம்

கொட்டில் நிறைந்த சனம். முன்வாங்குப் பலகையில் பொடியன், பக்கத்தில் மனேஜர். மனேஜர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பின்வாங்கில், பென்ஷன் எடுத்த இங்கிலீஸ் ரீச்சர் ரஞ்சிதம். நான் பிழையாகச் சொன்னால் "அப்பிடி இல்ல மனே" என்று எல்லாருக்கும் முன்னால் திருத்துகிறவ. 

கடைசிக் கட்டம். மந்திரி முழங்காலில் விழுந்து அழுதான். நாட்டின் வரைபடத்தை நான்தான் விற்றேன் என்று கீழே எழுத்து ஓடியது.

நான் கத்தினேன்: "மந்திரி சொல்லுறார், நான் ஒண்டும் செய்யல்ல. எல்லாம் அரசன்ட சித்தப்பன் செஞ்ச வேலை. அதைச் சொன்னா நாடு ரெண்டாப் போயிடும். பழி என்னோட போகட்டும்!"

நீதவான் தண்டனையை வாசித்தார். நீதவான் மந்திரியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று சொன்னேன். வாள் இறங்கியது.

ரீச்சர் வாயைத் திறந்தா. என்னைப் பார்த்தா, பிறகு முன்வாங்கைப் பார்த்தா. என் உயிர் என்னிடம் இல்லை. அவ சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக, "ஐயோ பாவம், ஒரு நல்ல மனிசன அநியாயமாக் கொன்டுட்டாங்களே" என்றா. கொட்டில் முழுவதும் உச்சுக் கொட்டியது.

பொடியன் எழும்பி, "நீங்க வீட்ட போங்க ஐயா" என்று மனேஜரிடம் சொன்னான். மனேஜரை நானும் ரீச்சரும்தான் பிடித்துத் தூக்கினோம்.

4. மிச்சம்

இப்போது மொழிபெயர்க்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு, உள்ளதை உள்ளபடி சொல் என்று படிப்பிக்கிறார்களாம். நல்லது, அப்படியே செய்யுங்கள். எங்களுக்கு, முன்வாங்கில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது. பொல்லாத காலம் அது.

சில வருசம் போக, அந்தப் பொடியனையே அவனுடைய இயக்க ஆட்களே துரோகி என்று வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோனார்கள். அவனுடைய தாய் கொட்டிலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"அந்த மந்திரிட கதைய வீட்ட வந்து சொன்னவன், தம்பி. சொல்லக்குள்ள அழுதவன். நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் போனேன். கேளாமலே மனேஜரும் கூட வந்தார். நாங்கள் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்திருந்தது.