பதிமூன்றாவது வாரத்தின் குற்றவாளி

ஊர்ப் பொது டி.வி.க்குச் சாவி வைத்திருப்பவனைப் படம் நன்றாகத் தெரிகிற நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படம் ஆடுகிற நாளில் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள்.

எடப்பாடிக்குக் கிழக்கே ஒரு தறி ஊரில் அந்தச் சாவியை ஐந்து வருடம் இடுப்பில் செருகியிருந்தவன் நான். அந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதற்காக, எனக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, எழுபதுகளின் தொடக்கத்தில் விசைத்தறிப் பட்டறையில் கூலி உயர்வு கேட்டேன். கூலி உயர்ந்தது, கேட்டவனுக்கு மட்டும் தறி இல்லாமல் போனது. இரண்டாவது, அதைக் கண்டித்து நோட்டீஸ் அடித்தேன். என்னை எந்தப் பட்டறையிலும் உள்ளே விடக் கூடாது என்பதற்கு அந்த நோட்டீஸையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது, நெருக்கடிநிலைக் காலத்தில் சேலம் சிறையில் எட்டு மாதம். நான்காவது, வெளியே வந்தபோது நான் தொடங்கிய சங்கத்துக்கு வேறொரு தலைவர். அவர் எனக்கே உறுப்பினர் அட்டையை நீட்டினார். ஐந்தாவது, 'பாவம், ஏதாவது செய்யுங்கள்' என்று யாரோ சொல்லி, பஞ்சாயத்தில் டி.வி. அறைச் சாவியைக் கொடுத்தார்கள். ஆறாவது, எண்பதுகளின் பிற்பகுதியில் செவ்வாய்தோறும் மாலை ஏழரைக்கு வந்த ஒரு துப்பறியும் தொடர். முதல் ஐந்தையும் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு, முன்னால் இருப்பவர் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசி வாரம் ஏமாந்து எழுந்து போனவர்களே, இது உங்களுக்காக எழுதியது.

இரண்டு இளமாறன்கள்

எங்கள் ஆன்டெனா தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தது. ஆடிக் காற்று அதை மெதுவாகத் திருப்பும்போது திரையில் ஆட்கள் கரைந்து, கொஞ்ச நேரம் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக மிதந்து, பிறகு எங்கோ போய் மனம் மாறி வந்தவர்கள் போலத் திரும்பக் கூடுவார்கள். ஷிப்டு முடிந்து வந்தவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். திரையின் வெளிச்சத்தில் அந்தப் பஞ்சும் அந்தப் புள்ளிகளும் ஒன்றாகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், எது பெட்டிக்குள், எது வெளியே என்று தெரியாது.

துப்பறியும் நிபுணரின் பெயர் இளமாறன். எங்கள் பெட்டியில் அவருக்கு அரை அடி பின்னால் ஒரு நிழல் இளமாறனும் எப்போதும் நடந்து வருவார். கதை ஒரு நூற்பாலையில் நடந்தது. பங்குதாரர் ஒருவர் பஞ்சுக் கிடங்கில் செத்துக் கிடக்கிறார், ஆலை முதலாளி அழுகிறார், வாட்ச்மேன் நடுங்குகிறார். மொத்தம் பதிமூன்று வாரம். நம் தொழிலைப் பற்றி ஒரு கதை என்றதும் அறுபது பேர் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். இளமாறன் கிடங்குக்குள் வந்தார். பஞ்சுப் பொதியில் சாய்ந்தார். யோசித்தார். தீக்குச்சியை உரசிச் சுருட்டைப் பற்ற வைத்தார். முப்பது வருடத் தறிக்காரர் குப்பண்ணன் எழுந்தே விட்டார். "பஞ்சுக் குடோனுக்குள்ள நெருப்பப் பத்த வெக்கறவனாங்க கொலகாரனக் கண்டுபுடிக்கப் போறான்? மொதல்ல இவனப் புடிச்சு உள்ள போடுங்க!"

சத்தம் நின்ற வாரம்

நான்காம் வாரம் பாதியில் பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது. பொத்தானைத் திருகினேன், முதுகில் தட்டினேன். இளமாறன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். கல் வரும் என்று எதிர்பார்த்தேன். கூட்டத்தின் முன்னால் நின்று பழகியவன் ஆகையால் பெட்டியைக் காப்பாற்றக் கையை விரித்து நின்றேன். "தலைவரே, மறைக்காம நகுருங்க" என்றது கூட்டம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். விசைத்தறிப் பட்டறைக்குள் பக்கத்துத் தறிக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிர்த்தறிக்காரர் கண்ணால் கேட்டுக்கொள்வார். பெண் பார்த்துவிட்டு வந்த கதை, சினிமாக் கதை, முதலாளியைத் திட்டுவது, எல்லாம் இப்படித்தான். பத்து வருடம் தறி ஓட்டினால் காது மந்தமாகும், கண் கூர்மையாகும். குப்பண்ணனுக்கு இரண்டு காதும் ஏறக்குறையப் போய்விட்டது.

அன்று எல்லோரும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்க, பரமத்தி வேலூரிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் மட்டும் விழித்தார். அவருக்காகக் குப்பண்ணன் இளமாறன் பேசுவதை உடனுக்குடன் சொன்னார். நடுநடுவே, "இது வெட்டிப் பேச்சுங்க, உட்டுரலாம்" என்று வசனத்தைக் குறைத்தும் கொடுத்தார். குப்பண்ணன் குரலையும் தூரத்துத் தறிகளின் ஓசையையும் தவிர அறைக்குள் வேறொன்றும் இல்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து கதை கேட்பது போல இருந்தது. முடிந்ததும் வெற்றிலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க, எழுதுனவனக் காட்டியும் இந்தப் பெரியவரு நல்லாச் சொல்றாருங்க. சத்தத்தச் சரி பண்ணிப் போடாதீங்க!"

ஜன்னல் கம்பி

பாப்பாயி பட்டறையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவர். டி.வி. அறைக்குள் இடம் இருந்தாலும் வர மாட்டார். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சினிமாப் பாட்டு, படம் என்று எது வந்தாலும் எட்டிப் பார்த்ததில்லை. இந்தத் தொடருக்கு மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார்.

அவர் கணவர் ஒரு பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அங்கே இரண்டு நூல் பேல், அதாவது நூல் பொதி, காணாமல் போயிற்று. அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் பேல் இரண்டும் திரும்பி வந்தன. லாரி புக்கிங்கில் தவறிப்போய் வேறு ஊரில் கிடந்திருக்கின்றன. காணாமல் போனது ஊருக்கெல்லாம் தெரிந்தது. திரும்பி வந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை. சங்கமும் சொல்லவில்லை. வாட்ச்மேன் என்பவர் முதலாளி பக்கத்து ஆள், அவரைச் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவனே நான். பாப்பாயியின் கணவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர்வெல் வண்டி ஒன்றில் சமையல் ஆளாக வடக்கே போய்விட்டார். 'நான் எடுக்கலைன்னு நாலு பேரு முன்னால ஒருத்தராச்சும் சொல்லட்டும், அன்னிக்கு வாரேன்' என்று சொல்லிப் போனவர் வரவே இல்லை.

இப்போது பெட்டிக்குள் ஒரு வாட்ச்மேன் அதே போலச் சந்தேகத்தில் நிற்கிறார். ஒவ்வொரு செவ்வாயும் நான் பெட்டியின் மரக்கதவைச் சாத்தும்போது ஜன்னலிலிருந்து ஒரே கேள்வி வரும். "ஏனுங்ண்ணா, அந்த வாட்ச்மேன அடுத்த வாரமாச்சும் உட்டுருவாங்களா?"

நன்றி அட்டை

ஆறாம் வாரத்திலிருந்து கதை எழுதியவர் தூங்கப் போய்விட்டார் என்பது என் முடிவு. மூன்றாம் வாரம் கிடங்கில் ஓர் உடைந்த மூக்குக் கண்ணாடி கிடைத்தது. நான்காம் வாரத்திலிருந்து முதலாளி புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அறுபது பேரும் பார்த்தோம். இளமாறன் மட்டும் பார்க்கவில்லை. எட்டாம் வாரம் அவர் விசாரணையை விட்டுவிட்டு ஏதோ ஒரு மலையில் ஒரு பெண்ணோடு மூடுபனிக்குள் நடந்தார். அது பனியா, எங்கள் ஆன்டெனாவா என்று கடைசி வரை தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிடங்கில் ஒரு பிணம் கிடக்கிறதே!

கண்டனக் கடிதம் எழுதினேன். பதினாறு குற்றங்கள், எண் போட்டு. 'உழைக்கும் மக்களின் செவ்வாய்க்கிழமைகளோடு விளையாடாதே' என்று தொடங்கி, 'இனியும் பொறுக்க மாட்டோம்' என்று முடித்து, கையெழுத்து வாங்கி டி.வி. நிலையத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது: 'தங்கள் பாராட்டுக்கு நன்றி.' கொண்டுவந்த தபால்காரர் அதை வழியிலேயே படித்திருந்தார். "தலைவரே, கண்டிச்சதுக்கே நன்றிங்கறான். இன்னுங் கொஞ்சம் காரமாத் திட்டியிருந்தீங்கன்னா பொங்கல் வாழ்த்தே அனுப்பியிருப்பான்."

கலர் பெட்டிக்காரர்

பத்தாம் வாரம் ஓர் எதிர்பாராத விருந்தாளி. பேல் காணாமல் போன பட்டறையின் முதலாளியேதான். அவர் வீட்டில் கலர் பெட்டி உண்டு. அன்று அது பழுது. கதை விட்டுப்போகக் கூடாதே என்று எங்களோடு வந்து உட்கார்ந்தார். ஒருவர் தன் துண்டை விரித்துக் கொடுத்தார்.

பெட்டிக்குள் முதலாளி, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கண்ணைத் துடைத்தார். அறுபது தலைகளும் திரையை விட்டுத் திரும்பி, துண்டின் மேல் இருந்தவரைப் பார்த்தன. ஜன்னலில் பாப்பாயியும் பார்த்தார். முதலாளியும் பாப்பாயியைப் பார்த்துவிட்டார். விளம்பரம் வருவதற்குள் எழுந்து செருப்பைத் தேடினார். "அவன் நடிக்கறான், நானென்னங்க பண்ணுனேன்? டி.வி.யப் பாக்காம என்னைய எதுக்குங்க பாக்கறீங்க?"

பதிமூன்றாவது செவ்வாய்

அன்று கரண்ட் போகவில்லை, காற்று இல்லை, சத்தமும் சரியாக இருந்தது. நிழல் இளமாறன்கூட வரவில்லை. விழிப்பு வருவதற்குச் சற்று முன்னால் கனவு மிகத் துலக்கமாகத் தெரியுமே, அப்படித் தெரிந்தது படம். ஜன்னல் கம்பியில் பாப்பாயியின் பத்து விரல்கள் இருந்தன.

இளமாறன் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார். கையை நீட்டினார். திரையில் அவர் முகம் மட்டும் பெரிதாக இருந்ததால் கை யாரை நோக்கி என்று தெரியவில்லை. "கொலை செய்தது இந்த வாட்ச்மேன்தான்" என்றது பெட்டி. காரணம் சொல்லவில்லை. கண்ணாடிப் பேச்சே இல்லை. நடித்தவர்களின் பெயர்கள் ஓடின. நான் திரும்பிப் பார்த்தபோது கம்பியில் விரல்கள் இல்லை.

குப்பண்ணன் மட்டும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, எளவு உழுந்தாப்புல இருக்கறீங்க? மொதலாளியத்தான புடிச்சுட்டான்?" என்றார். பெட்டி என்ன சொன்னது என்பதை உதட்டை அசைத்து அவருக்குச் சொன்னோம். அவர் நம்பவில்லை. முன்வரிசையில் நான்கு தறிக்காரர்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். அவர்களும் பார்த்துத்தான் இருந்தார்கள், காதை நம்பிக் கண்ணை விட்டுவிட்டார்கள். படம் பிடித்தபோது ஒரு குற்றவாளி, குரல் சேர்த்தபோது வேறொருவர். நடுவில் யார் பயந்தார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. குப்பண்ணன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "'மு'ன்னா ஒதடு மூடோணும், 'வா'ன்னாத் தொறக்கோணும். அவன் மூடித்தான் தொறந்தான். காது இருக்கறவங்களத்தாங்க ஏமாத்த முடியும்."

தீர்மானம்

மறுநாள் மாலை பெட்டியைத் திறக்காமல் அதே அறையில் கூட்டம் போட்டோம். எனக்குப் பழைய முறுக்கு வந்திருந்தது. தீர்மானம் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: 'பதிமூன்றாம் வாரத்தில் இளமாறனின் வாய் முதலாளியையே குற்றவாளி என்று கூறியதைக் கண்ணால் கண்ட தொழிலாளர்களாகிய நாங்கள்...' படித்து முடித்ததும் கைதட்டல். சாட்சிகளாக நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போடவும் விரல் வைக்கவும் வரிசையில் நின்றார்கள்.

பாப்பாயி அன்று முதல்முறையாக உள்ளே வந்தார். "அந்த வாட்ச்மேன் படத்துல நடிக்கறவருங்ண்ணா. வேசத்தக் கலச்சுட்டு அன்னிக்கே ஊட்டுக்குப் போயிருப்பாரு. எங்கூட்டுக்காரருதான் வரல. அதுல அவரு பேரப் போட்டுப் படிங்க" என்றார்.

பேனாவைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அவர் பெயர் தெரியாது. குப்பண்ணனைப் பார்த்தேன், அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இத்தனை வருடமும் ஊருக்கெல்லாம் அவர் வெறும் வாட்ச்மேன். தெரிந்தவர் பாப்பாயி ஒருவர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பாப்பாயி தலையைக் குனிந்துகொண்டார். மேற்கு ஜன்னல் வெயிலில் பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு முகத்தை நிமிர்த்தி, எதிர்த்தறிக்காரரிடம் பேசுவது போல, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். தறியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகியும் நான் படித்துவிட்டேன். நாற்பத்தொரு பேரும் படித்தார்கள்.

எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினேன். பேல் இரண்டும் திரும்பி வந்ததையும், அவர் எடுக்கவில்லை என்பதையும், அவரைச் சங்கத்தில் சேர்க்காதது என் தவறு என்பதையும், எழுந்து நின்று அவர் பெயரோடு படித்தேன். கைதட்டல் இல்லை. வடக்கே அனுப்பிக்கொள்ளட்டும் என்று காகிதத்தை மடித்து நீட்டினேன். பாப்பாயி வாங்கவில்லை. "இன்னொருக்காப் படிங்ண்ணா. பட்டற வரைக்கும் கேக்கோணும்."

என் போராட்ட வாழ்க்கையில் ஒன்ஸ்மோர் வாங்கிய ஒரே தீர்மானம் அதுதான் என்பதால், தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பத்தொரு சாட்சிகள் முன்னால் மறுபடியும் முதல் சொல்லிலிருந்து உரக்கத் தொடங்கினேன்: "செங்கோடன்!"