வீட்டுக்காக அவர் போகவில்லை

தான் பெற்ற பிள்ளைகள் தங்கள் தகப்பனோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு ஒரு தாயின் வயிறு எரியுமா? இன்றுவரை இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. என் வயிறு எரிந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்த எரிச்சலில்தான் என் கணவரைத் திரும்பவும் கட்டாருக்கு அனுப்பினேன்.

இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டப் போயிருக்கிறார் என்று ஊர் நினைக்கிறது. அவரும் அப்படியே நினைக்கிறார். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்... இப்போது நீங்களும்.

கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நாட்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வேலை எங்கள் தலையில் விழுந்தது. பிள்ளைகள் கண்விழிக்கும் முன் வீட்டை விட்டு இறங்குவேன். திரும்பும்போது மஃரிப், அந்தித் தொழுகை நேரம், கழிந்திருக்கும்.

கம்பனி ஆட்களைக் குறைத்தபோது அவர் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். மூத்தவள் ஹனாவுக்கு அவர் அதுவரை போனுக்குள் இருந்த வாப்பா. சின்னவள் ஸைனா அவரைக் கண்டாலே அழுவாள். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், பிள்ளைகளிடம் எப்படித்தான் பழகப் போகிறாரோ என்று!

சில மாதங்கள்தான். சோறு ஆக்கப் பழகினார். குளிப்பாட்டப் பழகினார். போனில் வீடியோ பார்த்துத் தலை பின்னவும் பழகினார். வகிடு கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சீப்போடு போனபோது ஹனா தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் இழுத்து விடுவேனாம். வாப்பா இழுக்க மாட்டாராம்.

மாலையில் நான் வாசலுக்கு வந்தால் ஸைனா ஓடிவருவாள். என் பையைத் திறந்து பார்ப்பாள். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு அவர் மடிக்குத் திரும்பிவிடுவாள்.

தம்பிலுவிலில் இருந்து வரும் சுகந்தி என்னோடு வேலை செய்கிறவள். “குடுத்து வச்சவள் நீ. என்ட மனுசன் தேத்தண்ணிக் கோப்பையக் கூடக் கழுவ மாட்டார்” என்பாள். ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். எல்லாரும் பொறாமைப்படும் ஒரு புருஷன் எனக்கு. நான் பொறாமைப்பட்டதோ அவர் மேலேயே!

பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. டெங்குக் காலம். ஹனாவுக்கு உடம்பு கொதித்தது. அவர்தான் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார். டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரத்தம் எடுக்கும் கதிரைக்கு முன்னால் நின்றவள் நான்.

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

“இவ வேணாம் வாப்பா. இவவப் போகச் சொல்லுங்க.”

இவ... உம்மா என்றுகூடச் சொல்லவில்லை. இவ!

“பெத்தது நீயா அவரா?” என்றாள் சுகந்தி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே என் பிள்ளையின் கையில் நரம்பைத் தேடினேன்.

ஊசியைக் கண்டால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கத்தும். இதையே நாள்தோறும் மற்றத் தாய்மாருக்கு ஆறுதலாகச் சொல்கிறவள் நான். எனக்கு நானே ஏன் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை? டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது. மனம் அந்த ஒரு சொல்லிலேயே கிடந்தது.

கட்டாரில் பழைய மேலாளர் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். இவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் முன் அறையைப் போன் திருத்தும் கடையாக்கப் போவதாகச் சொன்னார். பிள்ளைகளோடு இருந்துகொண்டே உழைக்கலாம் என்றார். அறையை அளந்தும் விட்டார். தான் உட்கார அங்கே ஒரு சின்னக் கதிரை வேண்டும் என்று ஹனா சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் கதிரையைக் கூட என்னால் சகிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மகள் பிறந்த நாளிலிருந்தே தகப்பனுக்குக் கல்லும் சீமெந்தும் கவலையாகிவிடும். படித்த காலத்தில் இந்த வழக்கத்தைக் கண்டித்துப் பேசியவள் நான். கல்யாணமான புதிதில் அவரும் நானும் முடிவே எடுத்திருந்தோம். பெண் பிறந்தால் படிப்பைக் கொடுப்போம், வீட்டுக்காக யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை என்று.

அந்த வழக்கத்தையே கையில் எடுத்தேன். ஏன் தெரியுமா? அதை எதிர்த்து எங்கள் ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்!

என் மூத்த சகோதரர் காக்காவும் அவர் மனைவி மதினியும் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த நாள். இவர் ஹனாவை மடியில் வைத்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை இரண்டு, வீட்டுக்கு என்ன வழி என்று பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தேன்.

“ஹனாக்கு இப்பதான் அஞ்சு வயசு. படிக்க வைப்பமெண்டுதானே கதைச்சம்?” என்றார் இவர்.

நான் எதிர்பார்த்தபடியே காக்கா இடையில் வந்தார். “படிப்பு இருக்கட்டும் மச்சான். படிச்சிட்டு ஊடு இல்லாம இருக்கிற புள்ளயள் ஊருக்குள்ள எத்தின பேரு.”

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

“நீங்க இருக்கிற ஊடும் ஒரு வாப்பா வெளிநாட்டில கெடந்து கட்டினதுதான்.”

வரிப்பத்தான்சேனையில் வயலும் வரம்புமாக வளர்ந்த மனிதர். என் வாப்பா கட்டிய இந்த வீட்டுக்கு எனக்காக வந்தவர். இது உன் வீடு இல்லை என்று என் காக்காவின் முன்னிலையில் அவருக்குச் சொன்னேன்... அதைத்தானே சொன்னேன்?

மீனில் மிச்சமிருந்த முள்ளையும் எடுத்துவிட்டு, “சரி, போறன்” என்றார். அவ்வளவுதான். மடியில் இருந்தவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபோது அழுதேன். அக்கம்பக்கத்தார் தேற்றினார்கள். அந்த அழுகையில் பாதி கவலை, மறுக்கவில்லை. மற்றப் பாதி... சொல்ல நா கூசுகிறது. ஆறுதல்!

இனிப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். எப்படி வருவார்கள்? நான் வீட்டில் இருந்தால்தானே! அதே வேலை, அதே மஃரிப். இப்போது அவர்களைப் பார்த்துக்கொள்வது மதினி. ஸைனா மதினியின் தோளில்தான் தூங்குகிறாள். தூங்கும் பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கும்போது என் வயிறு பழையபடி எரிகிறது. பொறாமை போகவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது. அப்படியானால் என் கோபம் தொடக்கத்திலிருந்தே அவர் மேல் இல்லையோ? யார் மேல்?

அவர் உழைத்து அனுப்பியதில் பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டாயிற்று. காக்கா முன்னின்று செய்கிறார். போன கிழமை வேலை முடிந்து வந்தபோது ஹனா அந்தக் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“நான் பொம்புளப் புள்ள எண்டதாலயா வாப்பா போனாரு?”

“இல்ல மகள்.”

“அப்ப ஏன்?”

நின்றேன். பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். பதிலுக்காக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“எனக்கு ஊடு வேணாம். நான் ஒங்களோடயே இருக்கிறன். வாப்பாவ வரச் சொல்லுங்க.”

உங்களோடேயே இருக்கிறேன்... இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தேன்! அது எனக்கு இப்படியா வந்து சேர வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை. காலைக் கடிக்கிற பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகிறாள். புதிது வேண்டாமாம். பெண்ணாய்ப் பிறந்து வாப்பாவைத் தொலைத்துவிட்டோம் என்று ஆறு வயதில் ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பொய் என்று தெரிந்த நான், அதே வீட்டில் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் விடுமுறையில் வருகிறார். வாப்பா வந்ததும் தானே கேட்கப் போவதாக ஹனா மதினியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஓம் மகள், உனக்கு வீடு கட்டத்தான் என்பார். பொய் சொல்லத் தெரியாதவர். அன்போடுதான் சொல்வார். அந்த அன்பான பதிலை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

அதைத் தடுக்க வேண்டுமென்றால் அவருக்கு நான் முன்னதாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகள் உங்களை நேசித்ததைப் பொறுக்க முடியாமல்தான் உங்களை அனுப்பினேன் என்று. சொன்ன பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பாரா? பார்த்தாலும், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியுமா? போனைக் கையில் எடுக்கிறேன், சுகம் விசாரிக்கிறேன், வைத்துவிடுகிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது நீங்கள் தரக்கூடியதும் இல்லை. வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் தாய்மார் உங்களில் இருப்பீர்கள். ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பெருநாளுக்கு முன் நான் யாரிடம் முதலில் பேச வேண்டும், அவரிடமா, அவளிடமா? ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் வாப்பா மேல் பொறாமை வந்தது என்பதை ஆறு வயதுக்கு விளங்கும்படி எந்த வார்த்தையில் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.