அங்கிள் என்றால் அம்மான்

நாகர்கோவில் கல்லூரியில் நான் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தபோது எங்களுக்குப் பாடமாக வந்தது ஓர் இங்கிலீஷ் சோக நாடகம். டென்மார்க் ராஜா திடீரென்று செத்துப்போகிறார். அவருடைய தம்பி சிம்மாசனம் ஏறுகிறான். இரண்டு மாதத்துக்குள் அண்ணன் மனைவியையும் கல்யாணம் செய்துகொள்கிறான். செத்த ராஜாவின் ஆவி இளவரசனிடம் வந்து, தூங்கும்போது தம்பிதான் தன் காதில் விஷத்தை ஊற்றினான் என்று சொல்லுகிறது. பழிவாங்க வேண்டிய பிள்ளையோ யோசித்து யோசித்தே ஐந்து அங்கத்தையும் ஓட்டிவிடுகிறான். கடைசியில் கிட்டத்தட்ட எல்லாரும் சாகிறார்கள்.

எங்கள் பேராசிரியர் பாளையங்கோட்டைக்காரர். அப்பன் சொத்து மகனுக்கு என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த சட்டம். "அப்பாவின் சிம்மாசனத்தைச் சித்தப்பா பறித்துக்கொண்டார்" என்று அவர் தொண்டை கம்மச் சொன்னபோது வகுப்பில் ஒருவன் முகத்திலும் சோகம் இல்லை. எங்களில் பாதிப்பேர் நாஞ்சில் நாட்டு வேளாளப் பிள்ளைகள், மருமக்கள்வழிக் குடும்பத்தார். எங்கள் வீடுகளில் ஓர் ஆண் செத்தால் அவன் இடத்துக்கு வருவது தம்பி, தம்பி இல்லாவிட்டால் சகோதரியின் மகன். பெற்ற மகனுக்கு மனசுவந்து ஏதாவது கொடுத்தால் உண்டு. வீட்டை ஆளும் மூத்த ஆணுக்குக் காரணவர் என்று பெயர்.

என் பக்கத்தில் இருந்த சிநேகிதன் எழுந்து கேட்டான்: "சார், அண்ணன் செத்தா தம்பிதானே காரணவர்? இதுல அந்தப் பயலுக்கு என்ன சார் சங்கடம்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் நாலு தடிப் புத்தகங்களோடு வந்து பின்னணி சொன்னார். கதை வடதேசத்துப் பழங்கதை. அங்கே பிரபுக்கள் கூடித்தான் ராஜாவைத் தேர்ந்தெடுப்பார்கள். அண்ணன் மனைவியைக் கட்டுவது அவர்கள் மதத்தில் மகாபாவம். ஆகவே விஷயம் சிம்மாசனம் அல்ல, செயலுக்கு முன்னால் தயங்கி நிற்கும் மனசு. நாங்கள் அத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். நம்பியவன் ஒருவனும் இல்லை.

நான் மட்டும் வேறு காரணத்துக்காக அந்த நாடகத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் அவருடைய மருமக்கள், சகோதரியின் பிள்ளைகள், வந்து வீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அம்மையும் நானும் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் மாமா வீட்டுக்கு வந்தோம். யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை, அதுதான் முறை. எல்லாம் முறைப்படி நடந்ததால் யாரிடம் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த இளவரசன் கறுப்பு உடுப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இடத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வருஷம் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மேலே பி.ஏ. படிக்கத் திருவனந்தபுரம் போக வேண்டும். அனுப்ப வேண்டியவர் மாமா. பழைய முறை என்றால் மருமகனைப் படிக்கவைப்பது காரணவருடைய கடமை. அப்போதோ புதிய சட்டம் வந்து குடும்பங்கள் பாகம் பிரிந்துகொண்டிருந்தன. இனி மாமாவுக்கு அவர் பெற்ற பிள்ளைகள்தான் வாரிசு. என்னை அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அம்மை தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "காலேஜ்ல நாடகம் போடுகானாமே. ரெண்டு வருசமா என்ன படிச்சு கிழிச்சிருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றார் மாமா.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தை அரைமணி நேரமாகச் சுருக்கித் தமிழில் எழுதியவன் நான்தான். இளவரசனும் நான்தான். வகுப்பில் கேள்வி கேட்ட சிநேகிதன் புளியிலைக்கரை முண்டும் மேலே நேரியதும் உடுத்து ராணி ஆனான். பச்சரிசி மாவில் குளித்த ஒருவன் ஆவி. பனைமட்டையைச் சீவி ஈயத்தாள் ஒட்டிய வாள்கள் நாலு. மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். பேராசிரியர் இங்கிலீஷ் கதைச்சுருக்கத்தைத் திருத்தியதோடு சரி, தமிழ்ப் பிரதியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விழா பிற்பகல் மூன்று மணிக்கு. மாமா வெள்ளை வேஷ்டியும் தோளில் நேரியதுமாக இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவருக்கு நாகர்கோவில் கோர்ட்டில் எப்போதும் ஏதாவது ஒரு வழக்கு இருக்கும். எதிர்க்கட்சிச் சாட்சியைக் கேட்கிற மாதிரிதான் நாடகத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவி வந்து மாவு சிந்திவிட்டுப் போயிற்று. அதுவரை ஒரு குறையும் இல்லை. அடுத்த காட்சியில் ராணி என் தாடையைப் பிடித்து, "மகனே, கறுப்பு உடையைக் களை. என் மணவாளரும் உன் அம்மானுமாகிய மகாராஜா உன்னைக் காண வருகிறார்" என்றாள்.

மாமா எழுந்து நின்றார்.

"ஏலே, நில்லு. அவனுக்கு அம்மான்னா அவளுக்கு யாருலே?"

சபை அரை நிமிஷம் கணக்குப் போட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், "கூடப்பொறந்தவன்" என்றது. அவ்வளவுதான், கூரை பறக்கிற சிரிப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கிலீஷில் 'அங்கிள்' என்று வந்த இடத்திலெல்லாம் நான் அம்மான், அதாவது தாய்மாமன், என்று எழுதிவைத்திருந்தேன். ராஜாவின் தம்பி என்று தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறவர் என்றால் எங்கள் கைக்கு அம்மான் என்றுதான் எழுதவரும். மூன்று வாரம் ஒத்திகை பார்த்த பதினோரு பேரும் அம்மானின் அதிகாரத்தில் வளர்ந்தவர்கள். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. ராணியைச் சொந்த உடன்பிறந்தவனுக்கே கட்டிவைத்துவிட்டோம்.

மேடையில் ராணி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். திரைக்குப் பின்னால் ஆவிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. திருவனந்தபுரம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனது போகட்டும் என்று இரண்டு கையையும் விரித்து, "பெரியோர்களே, இதனால்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது" என்றேன்.

கைதட்டு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அதற்குப்பின் என்ன செய்தாலும் சிரிப்புத்தான். செத்தவர்கள்கூட வயிறு குலுங்கக் கிடந்தார்கள். பேராசிரியர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது நாடகத்தின் சோகத்தால் அல்ல.

வெயில் சாயும் நேரத்தில் மாமாவின் வில்வண்டியில் வீடு திரும்பினோம். வண்டி கோட்டாறு தாண்டிற்று. வயல் வந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"உள்ளபடிக்கு அவன் யாரு?"

"சித்தப்பா, மாமா."

"அப்போ கொன்னதுக்குத் தூக்கில போடலாம். ராச்சியத்துல அந்தப் பயலுக்கு என்ன பாத்தியதை? நம்ம முறையில சித்தப்பனுக்குத்தானே வரும். அதுலயும் இவ்வளவு நாள் யோசிச்சுக்கிட்டே இருந்தா கேஸ் காலாவதி ஆயிரும்லா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு, போனதுதான் போயிற்றே என்ற தைரியத்தில் சொன்னேன்: "அவனுக்கு ராச்சியம் வேண்டாம் மாமா. அப்பன் செத்து ரெண்டு மாசம்கூட ஆகல்ல, அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அவனை மட்டும் அழாதேங்கியாங்க. அதுதான் அவனுக்குத் தாங்கல்ல."

அந்த வியாக்கியானம் எந்த நோட்டிலும் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கிற்று. மாமாவுக்கு எனக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும்.

"உங்க அப்பன் வீட்டுலேருந்து உன்னையும் அம்மையையும் கூட்டிட்டு வந்தன்னைக்கி, வண்டியில ஏங்கி ஏங்கி அழுதே" என்றார். "ஆம்பளப் பய அழுவானான்னு அதட்டினேன். நீ டக்குனு நிறுத்திட்டே. பொறவு நீ அழுது நான் பாக்கல்ல. அது என் தப்புலே."

மாமா தன் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு கோர்ட்டிலும் யாரும் கேட்டதில்லை.

"பி.ஏ.வுக்கு எழுதிப் போடு. சட்டம் ஆயிரம் வரும், போகும். நீ என் மருமவன்."

எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது அழுகை. ஒன்பது வயதில் நிறுத்தியதும் அந்த நேரத்துச் சந்தோஷமும் சேர்ந்து, வெட்கமில்லாமல் உரக்க அழுதேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. முன்பக்கம் எட்டி, மாட்டை மெதுவாக ஓட்டும்படி வண்டிக்காரனிடம் சொன்னார்.