அண்ணன் என்று போட்ட கையெழுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் மனைவி காந்திமதி ஒரு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். ஏசி என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் ஞானதுரை அண்ணாச்சி. வயது எழுபத்தெட்டு. சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மனைவி எஸ்தர் அக்கா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் கத்தாரில். காலையில் நெஞ்சுவலி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைக்கலாம்... சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட்டால்.

காந்திமதி கடகடவென்று எழுதிக்கொண்டே போனாள். 'நோயாளிக்கு என்ன உறவு?' என்று ஒரு கட்டம் வந்தது. யோசிக்கவே இல்லை — 'தங்கை' என்று எழுதினாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். நோயாளி பெயர் சாமுவேல் ஞானதுரை. தங்கை பெயர் காந்திமதி. நிமிர்ந்து என் மனைவியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். மறுபடி ஃபாரத்தைப் பார்த்தாள்.

"கூடப் பிறந்த தங்கச்சியா மேடம்?"

காந்திமதி முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவளுக்கு அது வரவில்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே? ஆனால் அவளுக்கு எப்படி விளக்குவது? 'இந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறதம்மா' என்று ஆரம்பித்தால் கேட்பதற்கு அவளுக்கு நேரம் ஏது... அதனால் உங்களிடம் சொல்கிறேன். வாராவாரம் பொறுமையாகக் கேட்கிறவர்கள் நீங்கள்தான்.

முப்பத்தோரு வருஷம் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வயிற்றுவலி என்று காந்திமதியைப் பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஓட்டுக் கூரை, உயரமான ஜன்னல்கள், வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள். பெண்கள் வார்டு. பார்வை நேரம் தவிர ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளி வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச் போட்டிருந்தார்கள். புருஷன்மார்கள் எல்லோரும் அதில்தான் குடியிருந்தோம்.

அந்த பெஞ்சை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடுகிறது. ஒருவர் டீக்கடைக்குக் கிளம்பினால் ஆறு ஃபிளாஸ்க் அவர் கையில் ஏறிவிடும். ஒருவர் மருந்துக்கடைக்குப் போனால் நாலு சீட்டு வாங்கிக்கொண்டு போவார். யாரையாவது பார்க்க ஊரிலிருந்து ஆள் வந்தால், வந்தது வந்தோம் என்று வரிசையாக எல்லாக் கட்டிலையும் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். காந்திமதிக்கு எங்கள் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ஆரஞ்சைவிட, அடுத்த கட்டிலுக்கு வந்தவர்கள் கொடுத்த ஆரஞ்சுதான் அதிகம். வியாதி என்ன, எத்தனை நாள், குழந்தை உண்டா என்று அத்தனை கேள்வியும் கேட்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது யாரும் கேட்பதில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்த கட்டிலில் இருந்தது எஸ்தர் அக்கா. பித்தப்பை ஆபரேஷன். பெஞ்சில் எனக்கு அடுத்த இடம் ஞானதுரை அண்ணாச்சிக்கு. பள்ளிக்கூடத்தில் கிளார்க், சர்ச் கமிட்டியிலும் இருந்தார். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் தன் மகனுடைய பிறந்த தேதியை ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்லிச் சொந்த மைத்துனரே கெஞ்சியபோது, முடியாது என்று சொல்லிப் பேச்சுவார்த்தையே நின்றுபோனவர். எழுத்து என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

மூன்றாம் நாள் எனக்குத் தூத்துக்குடியில் ஆடிட். காந்திமதிக்கு வலி குறைந்திருந்தது. தயங்கிக்கொண்டே நின்றேன். போய்விட்டு வாங்க தம்பி, நாங்க இங்கனதான இருக்கோம் என்று அண்ணாச்சிதான் அனுப்பிவைத்தார். போனேன்.

பதினோரு மணிக்கு வலி திரும்பியது. குடல்வால் வெடிக்கிற நிலைமை, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிஸ்டர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். காந்திமதியின் ஆட்கள் யார்?

யாரும் இல்லை. என் அம்மா ஸ்ரீவைகுண்டத்தில், முட்டுவலியோடு. காந்திமதியோ ஒற்றைப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்து, கல்லிடைக்குறிச்சி வீட்டையும் விற்றாகிவிட்டது. செல்போன் இல்லாத காலம். என் ஆபீசுக்குப் போன் போட்டால், சார் வெளியே போயிருக்கிறார் என்று பதில். சிஸ்டர் ஃபாரத்தோடு நிற்கிறார். ஸ்ட்ரெச்சரில் என் மனைவி கிடக்கிறாள்.

அண்ணாச்சி எழுந்து, "நான் போடுதேன் சிஸ்டர்" என்றார்.

நீங்கள் இவளுக்கு என்ன வேணும் என்று சிஸ்டர் கேட்டார். அவர் அடுத்த கட்டில்காரியின் புருஷன் என்பது சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும். பார்வை நேரம் முடிந்தும் போகவில்லை என்று ஒரு வாரமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்ததே சிஸ்டர்தான். அண்ணாச்சி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாராம். பிறகு "அண்ணன்" என்றாராம். சிஸ்டர் பேனாவை நீட்டினார். அந்த அவசரத்திலும் அண்ணாச்சி ஃபாரத்தைத் தலையிலிருந்து கால்வரை படித்து, தேதி விட்டுப்போயிருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். உறவு: அண்ணன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த காந்திமதி காதில் அது விழுந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் பயம் பாதி போய்விட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

நான் வந்து சேரும்போது சாயங்காலம் நாலரை. விஷயம் எதுவும் தெரியாது. வராந்தாவில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். பெஞ்ச் காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் நின்றுகொண்டிருந்தார். வலது கை இறுக மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் திறந்தார். உள்ளே ஒரு கைக்குட்டை. அதில் காந்திமதியின் வளையல், கம்மல், தாலிக்கொடி.

"தம்பி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேசிக்கொண்டே போகிறார்... ஆபரேஷன் முடிந்துவிட்டது, தங்கச்சி நல்லா இருக்கு, ஆனா ஃபாரத்துல அண்ணன்னு பொய் எழுதிட்டேன், நீங்கதான் மன்னிக்கணும் என்று. எனக்கு ஆத்திரமா, அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் வாய்விட்டு அழுதேன். நகை வாங்கிய கணத்திலிருந்து அவர் உட்காரவும் இல்லை, பாத்ரூம் பக்கம் போகவும் இல்லை என்று பெஞ்சில் மற்றவர்கள் சொன்னார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரி சிநேகிதம் டிஸ்சார்ஜோடு முடிவதுதானே வழக்கம்?

அடுத்த தை நெருங்கியது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், வாசலில் சாக்கு மூட்டையும் கரும்புமாக அண்ணாச்சி நிற்கிறார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, காய்கறி, ஒரு கட்டு பனங்கிழங்கு. கூடவே, கிறிஸ்துமஸுக்குச் செய்து மீந்த கேக் ஒரு பொட்டலம். பொங்கலுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தாராம். கேக் மட்டும் எஸ்தர் அக்காவின் சொந்த யோசனை.

"என்ன அண்ணாச்சி இது?"

"பொங்கப்படி. அண்ணன் வீட்டுலருந்து வரணும்லா?"

அவரே விளக்கினார். போதகரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் அவர் கிளார்க் புத்தி வேறு மாதிரி யோசித்திருக்கிறது.

"எழுதுனத அடிக்க முடியாது மாப்ள. அது அங்கன ஃபைல்ல கிடக்கு. ஆனா, எழுதுன மாதிரியே நடந்துட்டா அது பொய்யில்லல்லா?"

தம்பியாக இருந்த நான் மாப்பிள்ளை ஆனது அன்றைக்குத்தான். காந்திமதி படியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. முந்தின வருஷம், தெருவில் எல்லாப் பெண்களுக்கும் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வந்து இறங்கிய இரண்டு நாளும், இவள் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். வெயில் என்று சொன்னாள். மார்கழிக் கடைசியில் என்ன வெயில்? அது என் மண்டைக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் எட்டியது.

அதன்பிறகு ஒரு வருஷம் தப்பவில்லை. எஸ்தர் அக்கா இறந்த வருஷம்கூட, துக்கம் என்று நிறுத்தாமல் மகன் பெயரில் அனுப்பிவைத்தார். படி மட்டுமா வந்தது? அண்ணன்களுக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் சேர்ந்தே வந்தது. என் பைக்கைக் குறை சொல்வார். நான் வீடு கட்டியபோது அடுக்களைக்கு ஜன்னல் போதாது என்று கொத்தனாரை நிறுத்திவைத்தார். காந்திமதியிடம் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும்... "என் தங்கச்சிட்ட பைய பேசுங்க மாப்ள."

ஒரு தடவை எரிச்சலில் சொல்லிவிட்டேன் — பேப்பரில்தானே அண்ணாச்சி நீங்க அண்ணன் என்று. சொன்ன வாய் மூடுவதற்குள் வருத்தப்பட்டேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நாளாக அவரே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம். நான் செய்யுறதெல்லாம் செய்யுதேன், தங்கச்சியும் வாய் நிறைய அண்ணேங்குது, ஆனா எழுத்துல இருக்கது நான் எழுதுனது மட்டுந்தான, ஒருதலையால்லா இருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு வரி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கவுண்டரில் காந்திமதி இன்னும் ஆம் என்று சொல்லவில்லை. உள்ளே நேரம் போய்க்கொண்டிருக்கிறது. மகன் வீடியோ காலில் வந்து சம்மதம் சொன்னால் பார்க்கலாம் என்று அந்தப் பெண் இறங்கிவந்தாள். கத்தாருக்குப் போன் போட்டோம். தலையில் ஹெல்மெட்டோடு வேலையிடத்திலிருந்து பேசினான். இங்கே காந்திமதி என்று ஒருவர் தங்கை என்கிறார், உங்களுக்கு இவர் யார் என்று கவுண்டர் பெண் கேட்டாள்.

"எங்க அத்தை" என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. "அத்தை போடாம வேற யாரு போடுவா? சீக்கிரம் ஆகட்டும் மேடம்."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, ஃபாரம், பொய் எதுவும் அவனுக்குத் தெரியாது. வருஷாவருஷம் பார்த்து வளர்ந்த அத்தையைத்தான் அவனுக்குத் தெரியும். அந்தப் பெண் பேனாவை எடுத்து நீட்டினாள். காந்திமதி கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். முகம் வெளுத்துக் கிடந்தது. காந்திமதி குனிந்து, "அண்ணே, கையெழுத்துப் போட்டாச்சு, பயப்படாதிய" என்றாள்.

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"என்ன முறைன்னு எழுதுன?"

"தங்கச்சின்னு."

அவர் லேசாகத் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரி. நான் எழுதுனது இனிமே பொய்யில்ல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காந்திமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தாயிற்று. பழைய காலமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகி, தங்கச்சி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, காப்பி கேட்டு நான் கொஞ்சம் சத்தம் போட்டதற்கு அடுத்த அறையிலிருந்து கண்டனம் வந்தாயிற்று.

இரண்டு பக்கமும் எழுத்துமூலம் ஆகிவிட்டது... இனி நான் எந்தக் கோர்ட்டுக்குப் போக?