பேய்ப்படம் பார்த்த பத்மா அக்கா

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் வேலை செய்யும் வீட்டில் தொலைபேசி அடித்தது. வீட்டு எசமானி சிஞ்ஞோரா எடுத்தார். ரிசீவரை என் பக்கம் நீட்டினார். அந்த வீட்டு எண்ணுக்கு என்னைத் தேடி யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோ நகரத்துக்கு வந்த நாளிலிருந்தே ஒரு பயம் எனக்குண்டு.

“இந்திரா, நான் செல்வராசா. பத்மா போயிட்டா.”

“எங்கை?” என்று கேட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். அவர் ஏதாவதொரு ஊரின் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு கணம் நம்பினேன். மறுமுனையில் பத்மா அக்காவின் கணவர் அழத் தொடங்கினார். சிஞ்ஞோரா வந்து, நான் பாதியில் விட்ட இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலருக்குப் பத்மா அக்காவைத் தெரியும். காய்ச்சல் என்றால் சீசா பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள். இலங்கையின் வடக்கில் பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். இங்கே அந்தச் சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு சினிமாத் தியேட்டரைக் கூட்டிக் கழுவும் வேலைதான் கிடைத்தது. அவருக்குப் பேய்ப்படங்கள் பிடிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாக, கட்டுரை எழுதினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே இதழில் அது வந்தது. வீடியோக் கடைகளில் எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுத்த கோரமான படங்களைப் பற்றி எழுதியிருந்தேன். கத்தியும் இரத்தமும் கலையாகாது, பயத்தை அறியாதவர்கள் பயத்தை விற்கிறார்கள் என்று முடித்திருந்தேன். இதழ் வெளிவந்த மறு ஞாயிறு காலை, அதை உருளையாகச் சுருட்டிப் பிடித்தபடி பத்மா அக்கா என் வாசலில் நின்றார். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

“நீர்தானே இந்திரா? இந்தப் படங்களைப் பாத்திட்டோ எழுதினனீர்?”

“இல்லை அக்கா.”

“பாக்காமல் எப்பிடி எழுதினீர்?”

“பாக்க என்ன இருக்கு? உண்மையாவே எல்லாத்தையும் பாத்திட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இனித் திரையிலை வேறை பாக்கவேணுமோ?”

“நானும் பாத்திட்டு வந்தனான்தான். வார்ட்டிலை நான் பாத்ததை உமக்குச் சொன்னால் நீர் சாப்பிட மாட்டீர். அதாலைதான் கேக்கிறன். குப்பைப் படங்களைப் பாத்துத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பன். நீர் ஒண்டையும் பாக்கேல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் உமக்கு வேலை இருக்கோ?”

இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தியேட்டரில் பத்துப் பேர்கூட இல்லை. தரையில் கழுவிய ஈரம் காயாமல் மருந்து மணம் வீசியது. கடைசி வரிசையில், வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் என்னை இருத்திவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிடுகிறான் என்பதுதான் கதை. முதல் அரை மணி நேரம் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இருட்டு, வாத்தியம், கதவுச் சத்தம் எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே வந்தன.

பிறகு அந்தப் பெண் ஓர் அலுமாரிக்குள் ஒளிந்தாள். வாத்தியம் நின்றது. கதவுகளுக்கு நடுவே ஒரு விரல் அகல இடுக்கு. அதன் வழியாகத் தெரிவது மட்டுமே திரையில் தெரிந்தது: தரையின் ஒரு துண்டு, கட்டிலின் ஒரு கால், பிறகு ஒருவனின் கால்களில் ஒரு சோடிச் சப்பாத்து. அவை நகரவில்லை. அவளுடைய மூச்சு கேட்டது. அந்த மூச்சை அவள் விழுங்கிய சத்தமும் கேட்டது.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. முன் மண்டபத்தில், ரிக்கற் கொடுக்கும் மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன். கதவைத் திறந்து தெருவுக்குப் போகப் பயம்; உள்ளே திரும்பிப் போகவும் பயம். என் மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது.

பத்மா அக்கா வந்து என் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு, “எங்கை ஒளிச்சிருந்தனீர்?” என்றார்.

ஊரில் நடந்ததை அன்றுதான் முதன்முறையாக வாய்திறந்து சொன்னேன். தேடுதலுக்கு வந்த ஆமிக்காரர் படலையைத் திறந்தபோது, வீட்டில் நானும் என் சிநேகிதியும் மட்டும் இருந்தோம். அலுமாரியில் ஒருவருக்குத்தான் இடமிருந்தது. அவள் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போனாள். இடுக்கு வழியாக நான் பார்த்ததும் சப்பாத்துகளைத்தான். ஒன்றில் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. கட்டிலுக்குக் கீழே குனிந்து அவளை இழுத்தெடுத்தார்கள். அலுமாரியைத் திறக்கவில்லை.

“அவவின்ர பேர் என்ன?”

“யசோ.”

இந்த நகரத்தில் அந்தப் பெயரை நான் அதுவரை உச்சரித்ததில்லை. பத்மா அக்கா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. “சப்பாத்தைத்தான் பாப்பம் எண்டது இந்தப் படம் எடுத்தவனுக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்று கேட்டார். தன்னையே கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஊரைவிட்டு வந்ததிலிருந்து அந்த அலுமாரியைப் பற்றி எழுத முயன்று தோற்றுக்கொண்டிருந்தவள் நான். எழுத உட்கார்ந்தால் துயரம் வரும், கோபம் வரும், பெரிய பெரிய சொற்கள் வரும். இடுக்கு வராது. என்னைக் கண்டேயிராத ஒருவன், நான் கேவலம் என்று எழுதிய ஒரு படத்தில், அதைச் சரியான அகலத்தில் காட்டியிருந்தான்.

இடைவேளை வந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. “பாதியிலை விட்டிட்டுப் போனீரெண்டால் வீட்டை போயும் அதுக்குள்ளையேதான் இருப்பீர். வாரும். நான் கதவுப் பக்கம் இருக்கிறன்,” என்றார். போனேன். படத்தில் அலுமாரிக் கதவு திறந்தது. நான் கத்தினேன். தியேட்டரில் இருந்த எல்லோரும் கத்தினார்கள். பத்மா அக்காவும் கத்தினார். அவர் அந்தப் படத்தை ஏற்கெனவே நாலு தரம் பார்த்தவர். அன்று ஊரில் நான் விழுங்கிய சத்தம் வெளியே வந்து, மற்றவர்களுடைய சத்தத்தோடு கலந்தது. கத்தியதற்காக யாரும் வந்து என்னைப் பிடிக்கவில்லை.

அடுத்த இதழில் என் கட்டுரை தவறு என்று எழுதினேன். அவரையே ஒரு பதில் எழுதச் சொல்லிக் கேட்டேன். “எழுதிறது உம்மட வேலை. நான் கத்திறன்,” என்றார்.

அவரைப் பேய்ப்பட விசர் என்று சொன்னவர்களுக்கு ஒன்று தெரியாது. அவ்வளவு கறாரான பார்வையாளரை நான் கண்டதில்லை. பிறகு வந்த வருடங்களில் சேர்ந்து பார்த்த படங்களில் பாதிக்கு மேல் அவர் இடையிலேயே எழுந்து போய்விட்டார். திடீரென்று பூனை பாய்ந்தால் அவருக்குக் கோபம் வரும். “நெஞ்சு திடுக்கிடுறதுக்குப் படம் தேவையில்லை, பூனை காணும்,” என்பார். கொல்லப்பட்ட பெண்ணை அழகாகக் கிடத்திக் காட்டினால், “இவன் செத்த ஆளையே பாத்ததில்லை. வெக்கமில்லாதவன்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் திட்டுவார். வாளி வாளியாக இரத்தம் ஊற்றினால் கொட்டாவி விடுவார். ஆனால் ஒருவர் ஒரு கதவைத் திறப்பதா விடுவதா என்று கைப்பிடியில் கையை வைத்தபடி நிற்கும் காட்சியில், அவர் தன் சேலைத் தலைப்பைக் கசக்கிக் கசக்கிக் கயிறாக்கிவிடுவார்.

ஒரு முறை எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு வீடியோ கொப்பி கொண்டுவந்தார். “இது எல்லாத்தையும் விடப் பயங்கரம் அக்கா,” என்று பெருமையாகச் சொன்னார். டெக்கில் போட்டோம். நடிப்பு இல்லை. விபத்துகளிலும் கொலைகளிலும் உண்மையாகவே செத்தவர்களைத் தொகுத்திருந்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பத்மா அக்கா எழுந்து கொப்பியை வெளியே எடுத்தார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. நான் அவரை அப்படிக் கண்டதில்லை.

“கொண்டு போங்கோ. இது படமில்லை.”

“நீங்கள் பாக்கிறதுகளும் இப்பிடித்தானே அக்கா?”

“அதிலை செத்தவை எழும்பி, முகம் கழுவிப்போட்டு வீட்டை போயிருப்பினம். அது தெரிஞ்சபடியால்தான் நான் இருந்து பயப்பிடுறன். இதிலை கிடக்கிறவை ஒருத்தரும் வீட்டை போகேல்லை. இதைப் பாத்து நான் என்னத்துக்குப் பயப்பிட? பிணங்களுக்குக் கட்டுற வாய்க்கட்டுத் துணி எடுக்கத்தான் ஓடுவன்.”

கோரமான படங்களுக்குக் கலைப் பெறுமதி உண்டா என்று படித்தவர்கள் விவாதிப்பதைப் பிறகு பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அந்த அறையில் அவர் கிழித்த கோட்டைவிடத் தெளிவான கோட்டை யாரும் காட்டியதில்லை.

அவருடைய ஆசைக்கும் ஓர் எல்லை இருந்ததை நான் கண்டேன். நகரத்தில் குண்டுகள் வெடித்த அந்தக் கோடை உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு ஞாயிறு பின்னேரம் செல்வராசா அண்ணை துறைமுகத்தில் கப்பல் கழுவும் வேலை முடிந்து வந்திருந்தார். நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெக்கைக்குச் சன்னல்கள் திறந்திருந்தன. திடீரென்று நிலம் அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. கண்ணாடிகள் கிலுங்கின.

மூவரும் தரையில் குப்புறக் கிடந்தோம். யாரும் யாரையும் படுக்கச் சொல்லவில்லை. கைகள் தாமாகக் காதுகளைப் பொத்தின. இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தோம், ஊரில் அப்படித்தான் வரும். மேலே தொலைக்காட்சியில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். அந்த அலறல் எனக்கு அசிங்கமாகக் கேட்டது. பத்மா அக்கா தவழ்ந்துபோய் அதை நிறுத்தினார். தெருவில் யாரோ மாதாவைக் கூப்பிட்டு அழுதார்கள். ஒரு நீதிபதியையும் காவலர்களையும் மாஃபியாக்காரர் காரில் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று பிறகு அறிந்தோம்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் ஒரு பேய்ப்படமும் பார்க்கவில்லை. “பயம் கதவுக்கு வெளியிலை வந்து நிக்கேக்கை இதெல்லாம் பகிடி. அது போகட்டும், பிறகு பாப்பம்,” என்றார். தெருவில் நிறுத்தியிருந்த கார்களைக் கடக்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நானும் பயந்துகொண்டுதான் நடந்தேன். அவருக்கு எல்லாம் பழகிவிட்டது என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பிழை என்று அப்போதுதான் விளங்கியது. அவர் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பயந்தவர்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரத்தில் பார்த்தேன். மறுநாள் வயிற்றில் ஒப்பரேசன். கட்டிலில் அவர் சின்னதாகத் தெரிந்தார். தான் படித்த வேலையை மற்றவர்கள் தனக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பக்கமாகப் போன நேர்ஸின் கையில் இருந்த ஊசியின் அளவைக்கூடக் கவனித்தார்.

“பயமா இருக்குப் பிள்ளை,” என்றார்.

“ஒண்டும் நடக்காதக்கா. சுகமா வருவீங்கள்.”

“எனக்கு உதைச் சொல்லாதை. பதினைஞ்சு வருசமா நான் எல்லாருக்கும் சொன்ன வசனம் உது. ஒருத்தரும் நம்பினதில்லை.” என் பக்கம் திரும்பினார். “உனக்குப் பயமா இல்லையோ?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய கண்கள் விடவில்லை.

“ஓம் அக்கா. நல்லாப் பயமா இருக்கு.”

“அப்ப சரி,” என்றார். “ரெண்டு பேர் இருக்கிறம்.”

மணி அடித்து எங்களை வெளியே போகச் சொல்லும்வரை இருவரும் அதையே பேசினோம். எதற்கெல்லாம் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மயக்கத்தில் இருந்து விழிக்காமல் போவது. விழித்தபின் வலி. அண்ணை தனியாகச் சமைப்பது. தன்னைப் பிறமொழியில் கூப்பிட்டால் காதில் விழாமல் போவது. நானும் சொன்னேன். ஒப்பரேசனுக்குப் பிறகு மூன்றாம் நாள் அவர் இறந்தார். அந்த மூன்று நாளில் அவரை யார் எந்த மொழியில் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைக்கும்போது வரும் பயம் இன்னும் போகவில்லை.

செத்தவீடு முடிந்த அடுத்த கிழமை நான் தனியாகப் படத்துக்குப் போனேன். பேய்ப்படம்தான், நல்ல படம், அவர் எழுந்து போயிருக்க மாட்டார். பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பலேர்மோக்காரி இருந்தார். ஓரிடத்தில் அவர் அலறிக்கொண்டு என் கையைப் பற்றினார். உடனே கையை இழுத்து மன்னிப்புக் கேட்டார். வெட்கத்தோடு, “பயந்துபோனேன்,” என்றார்.

முன்பென்றால் பரவாயில்லை என்று சொல்லித் திரும்பியிருப்பேன். பத்மா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், அது அப்போது என் வாயில் வந்தது.

“ஆங்கியோ, சிஞ்ஞோரா,” என்றேன். நானும்தான் என்று.

அவர் தன் கையை மறுபடி என் கையின் மேல் வைத்தார். படம் முடியும்வரை எடுக்கவில்லை.