யார் தலை என்று சொல்லாத வேண்டுதல்

போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு. திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று, "பழனியாண்டவா, புள்ள எந்திரிச்சு வந்தா மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் தட்டணுக்கள் ஏறின. இன்றைக்கும் அவள் தும்மினால் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்து அவள் தெம்பாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிறாள். கடவுள் இல்லை என்பது அவள் கட்சி.

"யாருக்கு மொட்டை?" என்றாள்.

"உனக்குத்தான்."

"அப்படிச் சொன்னியா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"போடுறேன்னு சொன்னவ நீ. அப்ப உன் தலைதான்."

அவள் அப்பா சிரித்தார். அவர் தலையில் ஆண்டவர் எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை, அந்தத் தைரியம்.

"சாமிக்கு என் மனசு தெரியும்டி."

"அம்புட்டும் தெரிஞ்சவருன்னா, நான் ஒத்துக்க மாட்டேன்னும் தெரிஞ்சிருக்கும்ல. ஆளே இல்லைன்னா யாரு தலையும் வேணாம். டிரிப்ஸ் போட்ட நர்சக்காவுக்கு ஆயக்குடிக் கொய்யா ரெண்டு கிலோ வாங்கிக் குடு."

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. "ரெண்டு மருந்த ஒண்ணாக் குடுத்தா எது கேட்டுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு நீதானம்மா பாடம் எடுக்குற? அடுத்த தடவ வேண்டாம இருந்து பாரு. தெரிஞ்சு போகும்."

முழு மதிப்பெண் போட வேண்டிய பதில். ஆனால் அந்தச் சோதனைக்கு என்னிடம் இருப்பது ஒரே மகள்.

பழனிக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போதுகூட அவள் மனம் மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடி எடுக்கும் கூடத்தில், கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே ஒருவர், "யாருக்குங்க?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். வேண்டுதலை அந்தரத்தில் விட்டுவிட்டு அவளோடு வீடு திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்தேன்.

உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது. என் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு மகள் குனிந்தாள். "ம்மா, இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. சாமி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

முடி எடுப்பவர் என் தலையைப் பிடித்து நேராக்கினார். "சாமி இருக்குதுங்களோ இல்லீங்களோ, கத்தி இருக்குதுங்க. ஆடாம உக்காருங்க."