சாகண் ஸ்டோர்ஸ் ரூமில் டைப் அடித்தது யார்?

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போகிற ஆள் நான். நம்பிக்கை இல்லை என்பதைவிட எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்லலாம். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும், காரணம் தெரியவில்லை என்றால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவனுக்குத்தான் இது நடந்தது. அதனால் நீங்கள் பாதியில் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச வருஷத்தில் நடந்தது. நானும் என் மனைவி ரெஜினாவும் புனேயில் கேம்ப் என்கிற ஏரியாவில், அவள் அம்மா வீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் கோவில்பட்டிக்காரன், வேலை தேடிப் புனே வந்தவன். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள், நான் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பேன். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் புரோகிராமராக இருந்து, காதலித்துக் கல்யாணம் பண்ணி, எந்த தைரியத்திலோ இரண்டு பேரும் சேர்ந்து வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருந்தோம். ஃபாக்டரிகளுக்குக் கணக்கு, ஸ்டாக், பில் போடுகிற சாஃப்ட்வேரை சோர்ஸிலிருந்து நிறுவித் தருவதுதான் தொழில்.

சோர்ஸ் என்றால் ஒன்றுமில்லை, சிடியைப் போட்டதும் ஓடுகிற சாஃப்ட்வேர் தைத்து வைத்த சட்டை மாதிரி, இது துணியாகவே வருவது. எந்த மெஷினில் ஓட வேண்டுமோ அந்த மெஷினில் வைத்து வெட்டித் தைக்க வேண்டும். துணி ஒன்றுதான், ஆனால் லினக்ஸ் உடம்பு வேறு, யுனிக்ஸ் உடம்பு வேறு, விண்டோஸ் உடம்பு வேறு. எது எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு ஃபைல் எழுத வேண்டும், அதில் ஒரு வரி பிசகினாலும் மணிக்கணக்காக ஓடிவிட்டுக் கடைசியில் கையை விரித்துவிடும்.

எங்கள் முதல் கஸ்டமர் புனேக்கு வெளியே சாகணில் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு ஃபாக்டரி. அங்கே ஆபீஸில் விண்டோஸ், ஸ்டோர்ஸ் ரூமில் ஒரு லினக்ஸ் மெஷின், அதற்கு எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு பழைய யுனிக்ஸ் மெஷின். முதல் இரண்டையும் எப்படியோ முடித்துவிட்டோம். யுனிக்ஸ் மட்டும் பாக்கி, பில் அடிக்கிற பிரிண்டர் அதில்தான் மாட்டியிருந்தது. திங்கள் காலை லாரிகள் புதுப் பில்லோடு கிளம்ப வேண்டும் என்று ஸ்டோர்ஸ் பார்க்கிற ஜோஷி சொல்லிவிட்டார். பழையதை சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். திங்கள் பில் வரவில்லை என்றால் முதல் கஸ்டமர் போச்சு, நாங்கள் திரும்பவும் யாரிடமாவது கைகட்டி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

யுனிக்ஸில் சோர்ஸை டேப்பில் ஏற்றிவிட்டோம், லினக்ஸில் டேப் போட வழியில்லை. அந்த இரண்டு மெஷினுக்கும் நடுவே கேபிளும் கிடையாது, யுனிக்ஸின் ஃபிளாப்பி டிரைவ் இரும்புத் தூசியில் எப்போதோ உயிரை விட்டிருந்தது. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். முதுகுக்கு முதுகாக உட்கார்ந்துகொள்வோம். லினக்ஸில் வேலை செய்த ஃபைலைப் பார்த்து நான் வரி வரியாக வாசிப்பேன், ரெஜினா அந்தப் பக்கம் அடிப்பாள். நான் இரண்டு விரல் கேஸ், அவள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள். அதோடு நான் லினக்ஸுக்கு வாசித்ததை அடிக்கும்போதே யுனிக்ஸுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவாள், அது அவளுக்குக் கைவந்த வேலை. ஒரு வரி முடிந்ததும் 'ம்' என்பாள். அந்த 'ம்' வராமல் நான் அடுத்த வரிக்குப் போகக் கூடாது, போனால் திட்டு விழும்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். மழைக்காலம், எல்லா வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்கள், நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை அவள் சர்ச்சுக்கே எழுந்திருக்கவில்லை என்றதும் எனக்கு மனசு சரியில்லை. இன்றைக்குப் போகவில்லை என்று செருப்பைக் கழற்றினேன்.

"அரே, காய்ச்சல் எனக்கு, மிஷினுக்கு இல்லையே. அம்மா இருக்காங்க. நீங்க போய் காம் முடிச்சிட்டு வாங்க" என்று போர்வைக்குள்ளிருந்தே விரட்டினாள்.

போனேன். ஃபாக்டரியில் வாட்ச்மேன் தவிர ஆள் இல்லை. போன் மேனேஜர் ரூமில் இருந்தது, ரூம் பூட்டு. எங்கள் இருவரிடமும் அப்போது மொபைல் கிடையாது. ஸ்டோர்ஸ் ரூமைத் திறந்து லினக்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வரி பார்ப்பது, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய் யுனிக்ஸில் அடிப்பது, திரும்ப வருவது என்று திட்டம். யுனிக்ஸில் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் முதல் வரியைச் சத்தமாகவே வாசித்தேன்.

பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது. அது பழைய காலத்துக் கீபோர்டு, தடதடவென்று சத்தம் போடும். அப்புறம் 'ம்' என்றது.

நான் அடுத்த வரியை வாசித்தேன். நம்பினால் நம்புங்கள், எனக்கு ஒன்றுமே வித்தியாசமாகத் தோன்றவில்லை. எத்தனையோ நாள் அதே அறையில் அதே மாதிரி உட்கார்ந்து செய்த வேலை, வாய் பாட்டுக்கு வாசித்தது, காது பாட்டுக்கு 'ம்' கேட்டது, மனசு வீட்டில் அவள் கஞ்சி குடித்தாளோ இல்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவளைப் பற்றி யோசித்துக்கொண்டே அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன், அந்த அழகை என்னவென்று சொல்வது. ஒரு பக்கத்துக்கு மேலேயே போயிருக்கும். தொண்டை வறண்டு, தண்ணி பாட்டில் உன் பக்கம் இருக்கா என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் அவள் வரவே இல்லை என்பது உறைத்தது.

பைத்தியக்காரி, காய்ச்சலோடு பஸ் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தேன், அதை நினைத்துக்கொண்டுதான் திரும்பும் தைரியமே வந்தது. நாற்காலி காலி. ஸ்கிரீனில் நான் வாசித்த வரை எல்லா வரியும் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன், நான் லினக்ஸுக்கு வாசித்த இடங்களில் எல்லாம் யுனிக்ஸுக்கு எது சரியோ அது இருந்தது. அதில் பாதி எனக்கே தெரியாது.

ஓடியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, போய் லினக்ஸ் முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வரியை வாசித்தேன். 'ம்' என்றது. அதே 'ம்', கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் அவசரமுமாக. அந்தக் குரலுக்கு எனக்குப் பயப்படத் தெரியவில்லை. அந்த 'ம்' கேட்டுத்தானே காதலித்தேன், கல்யாணம் பண்ணினேன், கையில் இருந்த வேலையை விட்டேன். வாசித்துக்கொண்டே போனேன்.

இன்னும் நாலைந்து வரிதான் பாக்கி இருக்கும், ஒரு வரியின் நடுவில் கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. காத்திருந்தேன். அந்த வரியையே மறுபடி வாசித்தேன். இன்னும் மெதுவாக வாசித்தேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், வரி பாதியில் நின்று கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அது வந்தபோது படாத பயத்தை அது நின்றபோது பட்டேன். மிச்ச வரியை நானே இரண்டு விரலில் அடித்திருக்கலாம், அந்த எண்ணமே வரவில்லை. திங்களாவது லாரியாவது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நாசிக் ரோடு முழுக்க மழை, போசரி தாண்டும்வரை எதிரே வருகிற லாரி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் ஏசுவே, முருகா என்று மாற்றி மாற்றி இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன், அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா என்னைப் பார்த்ததுமே ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார். நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே காய்ச்சல் ஏறி, ரெஜினா நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்து, அத்தை ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். மலேரியா, தலைக்கு ஏறிவிட்டது, இன்று ராத்திரி தாண்ட வேண்டும் என்றார் டாக்டர்.

என்னைப் பார்த்ததும் அத்தை, "மாப்பிள்ள, யாரு சொல்லி வந்தீங்க? ஃபாக்டரிக்குப் போன் போட்டா எடுக்கவே இல்லையே" என்றார். நான் நேராகக் கட்டில் பக்கம் போனேன்.

கட்டிலில் ரெஜினா கண்மூடிக் கிடந்தாள். இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். யார் கட்டியது என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. கொண்டுவந்து படுக்க வைத்ததிலிருந்து இந்தம்மா விரல் ஓயவே இல்லை, படுக்கையில் தட்டிக்கொண்டே இருந்தாள், சலைன் ஊசி இரண்டு தரம் கழன்றுவிட்டது, வேறு வழியில்லாமல்தான் கட்டினோம் என்று இந்தியில் சொன்னாள். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அங்கே சத்தம் நின்ற நேரத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தது. ஆனால் நான் ஃபாக்டரியில் கடிகாரம் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் பிடித்துக்கொள்கிறேன், ஊசி கழலாது என்று கெஞ்சிக் கட்டை அவிழ்த்தேன். அத்தை மருந்து வாங்கக் கீழே போனார். எனக்கு ஜெபமும் தெரியாது, சுலோகமும் தெரியாது. தெரிந்தது அந்த ஃபைல் ஒன்றுதான், வாரம் முழுக்க மல்லுக்கட்டியதில் மனப்பாடம். அவள் காதோரம் குனிந்து, பாதியில் நின்ற வரியிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் ஓர் இடத்தில் அடுத்த வரி எது என்பதே மறந்து, "போயிராத ரெஜினா" என்றேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும், ஃபைலைச் சேமித்து ஓடவிடுகிற கட்டளை வரைக்கும், சொல்லி முடித்தேன்.

விடிகிற நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் இப்படி ஈரமா இருக்கீங்க, டவல் இல்லையா" என்று கேட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான திட்டு நான் வாங்கியதே இல்லை. அழுதுவிட்டேன், நர்ஸ் பார்த்துச் சிரித்தாள்.

ஃபாக்டரி ஞாபகம் வந்தபோது திங்கள் போய் செவ்வாயே வந்துவிட்டது. திட்டு வாங்கத் தயாராக ஜோஷிக்குப் போன் போட்டேன். மனுஷர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம், பில் எல்லாம் நேற்றுக் காலையிலிருந்தே அழகாக வருகிறது, எப்போது முடித்தீர்கள், மேடத்துக்கு என் வணக்கம் சொல்லுங்கள் என்றார். நான் பூட்டி வந்த பிறகு அறையை யாரும் திறக்கவே இல்லை, திங்கள் காலை ஜோஷிதான் வந்து திறந்தார் என்று வாட்ச்மேனும் சொன்னான்.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் தனியாகச் சாகண் போய் அந்த ஃபைலைத் திறந்தேன். பாதியில் நின்ற வரி முழுசாக இருந்தது. அதற்குக் கீழே நான் ஆஸ்பத்திரியில் சொன்ன வரிகள் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி மட்டும் ஹாஷ் குறி போட்டு ஆரம்பித்தது. அந்தக் குறி போட்ட வரியை மெஷின் படிக்காமல் தாண்டிப் போய்விடும், அது மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதற்கு. ஹாஷுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'போயிராத ரெஜினா' என்று இருந்தது.

அதை நான் அழிக்கவில்லை. அப்புறம் அந்த ஃபாக்டரியில் யுனிக்ஸ் போய் லினக்ஸ் வந்தது, மெஷின் மாறியது, எங்களுக்குப் பிறகு கராடி பக்கத்து ஐடி கம்பெனியிலிருந்து வேறு பையன்கள் வந்தார்கள், அந்த ஃபைல் மட்டும் மெஷினுக்கு மெஷின் போய்க்கொண்டே இருந்தது. அவர்களில் ஒரு மராட்டிப் பையன் இந்த வரி என்ன சார், எடுத்துவிடலாமா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டான். எடுத்தால் ஓடாது என்று சொல்லி வைத்தேன்.

ரெஜினாவுக்கு அன்று நடந்த எதுவுமே ஞாபகம் இல்லை. முழுக்கதையும் சொன்னேன். "நீங்களே திரும்பப் போய் அடிச்சிட்டு மறந்திருப்பீங்க, பயத்துல மனுஷனுக்கு என்னவும் ஆகும்" என்கிறாள். ராத்திரி முழுக்க நான் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை என்று அத்தை சாட்சி சொன்ன பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். அவளேதான் எப்படியோ வந்து அடித்திருக்கிறாள் என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படி நினைத்துத்தான் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதி வரை அது பொருந்தவும் செய்கிறது, இங்கே விரல் ஆடியது, அங்கே எழுத்து விழுந்தது, கையைக் கட்டினார்கள், நின்றது. ஆனால் மிச்ச வரிகளை நான் அவள் காதில் சொன்னேனே, அவ்வளவு நேரமும் அவள் இரண்டு கையும் என் கைக்குள்தான் இருந்தன. ஊசி கழலக் கூடாது என்று இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை.